காலையில் நல்லாயிருந்த டைனமோ

இந்த ஒரகடம் ரோட்டில் இத்தனை வருஷம் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்த்திருக்கிறேன். நல்ல டைனமோவைக் கெட்டுப்போனது என்று சொல்லி ஒரு தடவைகூட நான் கழற்றியதில்லை.

இதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் இருமுகிறார் பாருங்கள். சரி, பொய்தான். கழற்றியிருக்கிறேன். இசக்கி வண்டியில் நல்ல டைனமோவைக் கழற்றி, வேறொன்றை மாட்டி, அதையும் சரியில்லை என்று கழற்றி, மறுபடி பழையதையே மாட்டினேன். ஒரே டைனமோவை முதலில் பாஸ் பண்ணி, அப்புறம் ஃபெயில் பண்ணி, அப்புறம் பாஸ் பண்ணியவன் நான். பள்ளிக்கூடத்தில் என்னை ஃபெயில் போட்ட வாத்தியார் என்னைவிட நியாயஸ்தர். கடைசிவரை ஒரே முடிவில் நின்றார்.

நீங்கள் ஐ.டி.ஐ. முடித்து இந்த ஷெட்டுக்கு வேலை பழக வந்தவர்கள், ஆல்டர்னேட்டர் என்பீர்கள். எங்கள் வாய்க்கு டைனமோதான். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டோடு சுற்றி, பேட்டரிக்கும் ஏசிக்கும் லைட்டுக்கும் சோறு போடுவது அது. எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் படம் போட்டிருக்கும். அதை நான் சொல்ல வரவில்லை. படம் பார்த்தால் எனக்கும் புரியும், எழுத்துதான் என்னோடு பேசாது. நான் சொல்ல வந்தது, எதைக் கழற்றக் கூடாது என்பதை.

இசக்கி சங்கரன்கோயில் பக்கத்துப் பையன். இருங்காட்டுக்கோட்டையில் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். சொந்தமாக ஒரு வேன். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்களை மதியம் தொடங்கும் பி ஷிஃப்டுக்கு ஏற்றிக்கொண்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் அவன் பிழைப்பு. அந்த ஒரு ரூட் இருந்தால் வண்டி அவனுடையது. ரூட் போனால் வண்டி ஃபைனான்ஸ்காரனுடையது.

இரண்டு கோடைக்கு முன்னால், கத்திரி பிறந்தவுடன் அந்த வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. மதியம், ஒரகடம் ஜங்ஷனில் டிராஃபிக்கில் மாட்டினால் பேட்டரி லைட் எரியும். ஏசி காற்று சோர்ந்துபோகும். கொஞ்ச நேரத்தில் எஞ்சினே அணைந்துவிடும். இப்போது வரும் டீசல் வண்டிக்கும் உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதற்குப் போதுமான கரண்ட் கிடைக்காவிட்டால் அது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்புறம் பெண்கள் இறங்கி, சாப்பாட்டுப் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவுக்கு ஓட வேண்டும்.

முதல் தடவை நின்றபோது, பேட்டரி போய்விட்டது என்றேன். புதுசு போட்டோம். மறுபடி நின்றது. டைனமோ போய்விட்டது என்றேன். அந்தக் கூத்தைத்தான் ஏற்கெனவே சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவன் மறுநாள் காலையில் நம் ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுவருவான். நான் மேலே ஃபேனைப் போட்டு, டீயை வாங்கி ஓரமாக வைத்து, டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பதுபோல் பேட்டரியில் மீட்டரை வைப்பேன். பதினாலு வோல்ட் காட்டும். சில நாள் அதற்கும் மேலே. ராஜா மாதிரி இருக்கிறது, ஓட்டிக்கொண்டு போ என்பேன். மதியம் ராஜா ஜங்ஷனில் படுத்துவிடுவார்.

டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் அருள்தாஸ் தண்டலத்துக்காரர். கெட்டவர் இல்லை. ஆனால் லைனில் ஆள் குறைந்தால் கம்பெனியில் அவரைத்தான் கேட்பார்கள். ஒருநாள் ஷெட்டுக்கே வந்துவிட்டார். வண்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"கரண்ட்டு, நான் இன்னா பண்றது சொல்லு. பொண்ணுங்க லேட்டா போனா அங்க என் தலைய உருட்டிக்கினு கீறானுங்க. இன்னொரு தபா ரோட்ல நின்னுச்சு, வேற வண்டி போட்டுடுவேன். அப்பால என்னைய குத்தம் சொல்லாத."

கரண்ட்டு என்பது என் பட்டப்பேர். அம்மா வைத்த பேர் கன்னியப்பன். அருள்தாஸ் என்னிடம் பேசினாலும், முகம் செத்துப்போனது பக்கத்தில் நின்ற இசக்கிக்கு.

இந்த மாதிரி நேரத்தில்தான் நம் தொழிலில் பெரிய தப்பு நடக்கும். ஏன் என்றால் கூட்டம் சேர்ந்துவிடும். எதிர்ப்பக்கம் பேட்டரி கடை வைத்திருந்த பாபு, இரண்டு லாரி டிரைவர்கள், டீக்கடையில் பாதிப் பேர், எல்லோரும் வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். பாபு சொன்னான், எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார், எஞ்சின் நின்றால் டைனமோ காலி, ஓடினால் நல்லது, இதற்குப் போய் மீட்டர் எதற்கு என்று.

அவன் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நானே அதைப் பார்த்துத்தான் தொழில் கற்றேன். என் முதல் முதலாளி அதை மேஜிக் ஷோ மாதிரி செய்வார். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஓடுகிற வண்டியில் டெர்மினலைப் பிடுங்குவார். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். அம்பாசடர் காலம். அந்த வண்டியில் கெடுவதற்குக் கம்ப்யூட்டர் என்று எதுவும் இல்லாததால் எதுவும் கெடவில்லை. இப்போதைய வண்டியில் டைனமோ தள்ளுகிற வேகத்தை மெத்தை மாதிரி வாங்கிக்கொள்வது பேட்டரிதான். மெத்தையை உருவினால் அந்த அடி நேராகக் கம்ப்யூட்டர் மண்டையில் விழும். மறைமலை நகரில் ஒருவர் பிடுங்கி, கார் டேஷ்போர்டில் உள்ள லைட்டெல்லாம் கல்யாண வீடு மாதிரி மின்னி அடங்கியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தக் கார் பேசவே இல்லை.

இது எல்லாம் தெரிந்தும் என் கை ஸ்பேனரை எடுத்துவிட்டது, தம்பிகளே. அதுதான் கூட்டத்தின் சக்தி. அத்தனை பேர் முன்னால் எனக்குத் தெரியவில்லை என்று சொல்வதைவிட ஒரு வண்டியைக் கொல்வது எளிதாகத் தெரிந்தது. டெர்மினலில் ஸ்பேனரை வைத்துவிட்டேன். அப்போது இசக்கியைப் பார்த்தேன். அவன் வண்டியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்பேனரை பாக்கெட்டில் போட்டேன். எனக்குத் தெரியலப்பா என்று சத்தமாகவே சொன்னேன். பாபு சிரித்தான், லாரி டிரைவர்கள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்து வைத்தேன், கூட்டத்தோடு சேர்ந்தால் வலிக்காது. அந்தக் கத்திரியில் நான் செய்த முதல் உருப்படியான வேலை, ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதுதான்.

கூட்டம் கலைந்த பிறகு இசக்கி மெதுவாகச் சொன்னான்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. நீங்க காலைல பாக்குதிய. அது சாவுறது மத்தியானம்லா."

எனக்கு யாரோ செவிட்டில் விட்டதுபோல் இருந்தது. நோயாளி நன்றாக இருக்கும்போது மட்டும் பார்த்துவிட்டு நல்லாயிருக்கிறான் என்று சர்டிபிகேட் கொடுக்கிற டாக்டர் நான். ஃபேனுக்கு அடியில், நிழலில், ஏசி போடாமல், பெண்கள் யாரும் ஏறாமல் பார்த்தால் எந்த வண்டிதான் நன்றாக இருக்காது? என்னையே அப்படிப் பார்த்தால் நானும் மாப்பிள்ளை மாதிரி இருப்பேன்.

அடுத்த நாள் மதியம் மீட்டரோடு அந்த வேனில் ஏறினேன். முன்சீட்டுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முத்துமாரி என்று பேர். அவளும் இசக்கி ஊர்ப்பக்கம்தான். நான் ஒயர்களை இழுத்து மீட்டரில் மாட்டுவதைப் பார்த்துவிட்டு, தாத்தா இன்னைக்கு நமக்கு பிரஷர் பாக்கப் போறாரா என்று இசக்கியிடம் கேட்டாள். முதல்நாள்தான் மீசைக்கு மை அடித்திருந்தேன். வண்டி மொத்தமும் சிரித்தது.

ரோட்டில் ஓடும்வரை பதினாலு. ஜங்ஷன் வந்தது. முன்னால் கார்களை ஏற்றிக்கொண்டு போகும் நீள டிரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. வெயில் என்றால் அது வேறு மாதிரி வெயில். தாரில் டயர் ஒட்டும் சத்தம் கேட்டது. வண்டி நின்ற இடத்திலேயே உறும, மீட்டர் பதிமூன்றுக்கு வந்தது. அப்புறம் பன்னிரண்டரை. பேட்டரி லைட் சிவப்பாகக் கண் திறந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த டைனமோமேல் பரிதாபம் வந்தது. வெயில் ஏற ஏற அதன் செம்புக் காயிலில் கரண்ட் ஓடுவது கஷ்டம். அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றும், அதுவும் மெதுவாகத்தான் சுற்றும், முகத்தில் காற்றும் படாது. ஆனால் அதே நேரத்தில்தான் ஏசியும் ரேடியேட்டர் ஃபேனும் இன்னும் கொடு, இன்னும் கொடு என்று கையை நீட்டும். பெண்டாட்டிக்குக் காய்ச்சல் அடிக்கும் நாளாகப் பார்த்து வீட்டுக்கு விருந்தாளியைக் கூட்டிப் போகிற ஆள் மாதிரி வெயில் நடந்துகொள்ளும்.

பன்னிரண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் எஞ்சின் அணைந்துவிடும். அணைந்தால் ரூட் போச்சு. இசக்கி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடப் போகிறவன் போல.

ஏசியை அணைக்கச் சொன்னேன். அணைத்ததும் பின்னாலிருந்து சத்தம் கிளம்பியது. நான் திரும்பாமல் இருந்திருக்கலாம். திரும்பி, நடந்ததைச் சொன்னேன். "அம்மாடி, கரண்ட் பத்தல. இப்போ ஏசி வோணுமா, வண்டி வோணுமா? ரெண்டுல ஒண்ணுதான் கீது." முத்துமாரிதான் முதலில் ஜன்னலைத் தள்ளினாள்.

"இத முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களே அணைக்கச் சொல்லியிருப்போம்லா. யாரும் சொல்லவே மாட்டேங்கிய, திடீர்னு எறங்கி ஓடுங்கன்னுதான் சொல்லுதிய."

எல்லா ஜன்னலும் திறந்தது. ஐடி கார்டு, டிபன் மூடி, கையில் கிடைத்ததை எல்லாம் விசிறியாக்கினார்கள். இசக்கி பாட்டை நிறுத்தினான். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சமாக மிதித்தபடி வைக்கச் சொன்னேன், எஞ்சின் சற்று வேகமாகச் சுற்றட்டும் என்று. பன்னிரண்டிலேயே நின்றிருந்த மீட்டர் மெல்ல ஏற ஆரம்பித்தது. டிரெய்லர் ஒரு வழியாகத் திரும்பியது. வியர்வையில் குளித்துக்கொண்டு, ஆனால் வண்டியிலேயே, கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அது தப்பித்தது. குணமானது இல்லை. இந்த வித்தியாசத்தை மட்டும் மறக்காதீர்கள். மறுநாளும் கத்திரிதான். தினமும் ஏசியை அணைத்துக்கொண்டு போனால் பெண்களே வேறு வண்டி கேட்பார்கள். மற்ற வண்டிகளும் இதே வெயிலில்தான் ஓடுகின்றன, இதே ஏசிதான், இதே டைனமோதான். இது மட்டும் ஏன் சாகிறது? கம்பெனி வாசலிலேயே போனெட்டைத் திறந்து டைனமோ பக்கம் கையைக் கொண்டுபோனேன். தொடவே முடியவில்லை. முடி கருகிய வாசனை வந்தது. மை அடித்த மீசையாக இருக்குமோ என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கை முடிதான்.

இறங்கிப் போகும்போது முத்துமாரி இசக்கியிடம் வேறெதையோ சொல்வதுபோல் சொன்னாள்.

"எண்ணே, ஏசி இல்லன்னாலும் பரவால்ல. முன்ன ஒரு தகரம் கடகடன்னு அடிச்சிக்கிட்டே கெடக்குமே, அது இல்லாம இருக்கதே நிம்மதியா இருக்கு."

என்ன தகரம் என்று கேட்டேன். இசக்கி தலையைச் சொறிந்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எஞ்சினுக்குள் ஒரு தகரம் ஆடிச் சத்தம் போட்டதாம். வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திக் கழற்றிவிட்டானாம். அதற்கும் கரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்து என்னிடம் சொல்லாமல் விட்டிருக்கிறான். அவனைத் திட்ட எனக்கு வாயில்லை. இந்த ரோட்டில் சத்தம் போடும் எதையும் கழற்றி எறிவதுதான் எங்கள் எல்லோருக்கும் வழக்கம். சத்தம் நின்றால் ரிப்பேர் முடிந்தது என்று கணக்கு. பொங்கல் குளிரில் வண்டியும் ஒன்றும் சொல்லவில்லை. கத்திரி வந்துதான் கேட்டது.

அந்தத் தகரம் சும்மா தகரம் இல்லை. எஞ்சின் புகை வெளியே போகும் குழாய் நெருப்பாகக் கொதிக்கும். அதற்கும் டைனமோவுக்கும் நடுவில் மறைப்பாக நிற்பது அது. அதைக் கழற்றினால் டைனமோவை அடுப்புமேல் உட்கார வைத்தது போல. மேலே கத்திரி, கீழே அடுப்பு.

தூக்கிப் போட்டுவிட்டாயா என்று கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி, ரூம்ல இருக்கு. கேஸ் அடுப்புக்குக் காத்து மறைக்க வச்சிருக்கோம்."

டைனமோவுக்குச் சூடு மறைக்க வேண்டியது, இவர்கள் தோசைக்குக் காற்று மறைத்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலை ரூமுக்குப் போனேன். ஒருவன் தோசை ஊற்றிக்கொண்டிருந்தான். தகரம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, ஓரத்தில் காய்ந்த மாவு. கொடுக்க மாட்டேன் என்று நின்றான். இது வந்த பிறகுதான் சிலிண்டர் கூடுதலாக நாலு நாள் வருகிறதாம். இசக்கியின் பிழைப்பே இதில் இருக்கிறது என்றேன். அப்போ எங்க நாஸ்தா என்றான். கடைசியில் ஷெட்டில் கிடந்த பழைய தகரப் பெயர்ப் பலகையை வெட்டி மடக்கிக் கொடுத்து மீட்டேன். கழுவிப் பார்த்தால் விஷயம் இவ்வளவுதான்: ஒரு போல்ட் விழுந்துபோனதால் ஆடியிருக்கிறது. புது போல்ட், கீழே வாஷர், இறுக்கி ஒரு முறுக்கு. சத்தமும் இல்லை, தகரமும் இடத்தில்.

மாட்டிவிட்டு இந்தத் தடவை பதினாலு வோல்ட்டைப் பார்த்து நான் ஏமாறவில்லை. மதியம் ஏறினேன். ஹாஸ்டல் வாசலில் அருள்தாஸும் ஏறினார். இன்றைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ரூட் இவனுக்கு, இல்லாவிட்டால் நாளை காலை வேறு வண்டி வருகிறது, டிரைவரிடம் பேசியாகிவிட்டது என்றார். இசக்கி சாவியைத் திருகினான்.

ஜங்ஷனில் முந்தைய நாளைவிட மோசம். இரண்டு டிரெய்லர், நடுவில் ஒரு தண்ணி லாரி. ஏசி முழு வேகம். இசக்கியின் கை தானாக ஏசி சுவிட்சுக்குப் போனது.

"அண்ணாச்சி, கொஞ்சம் கொறச்சிருவமா? எதுக்கு வம்பு. மெதுவா போய்ச் சேந்துருவோம்."

நேற்று அது சரியான பேச்சு. இன்றைக்கும் அதைச் செய்தால் அருள்தாஸ் முன்னால் இன்று பிழைத்துக்கொள்வான். ஆனால் குணமானதா, தப்பித்ததா என்பது யாருக்கும் தெரியாது. நான் இல்லாத ஒருநாள், முழு ஏசியில், நடு ரோட்டில் தெரியும். என் ரூட் இல்லை, என் வண்டி இல்லை, அவனுடையதை வைத்து நான் சூதாடுகிறேனோ என்று தோன்றியது. ஆனாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "கொறைக்காத. ஹெட்லைட்டையும் போடு." அருள்தாஸ் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அவரும் குனிந்து மீட்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

பதினாலு. பதிமூன்றே முக்கால். பதிமூன்றரை. டிரெய்லர் அசையவில்லை. பின்சீட்டிலிருந்து பெண்களும் எட்டிப் பார்க்கிறார்கள் என்று என் கழுத்தில் படும் மூச்சில் தெரிந்தது. பதிமூன்றரையில் இருந்த எண் கண் சிமிட்டியது, அருள்தாஸ் வாயைத் திறந்து...

யார் அது ஹாரன் அடிப்பது? ஆ, கேட்டில் நிற்கிறான்.

"அண்ணாச்சி, பிள்ளைக பூராவும் ஏறியாச்சு, பி ஷிஃப்டுக்கு நேரமாவுது. இருங்காட்டுக்கோட்டைல இருந்து இந்த நேரம்வரைக்கும் ஏசி ஒரு நிமிசம் அணைக்கல. கூட வாரியளா, இங்ஙனயே கத சொல்லிக்கிட்டு இருக்கியளா?"

இருடா இசக்கி, வரேன்.